அம்மை போட்ட வீட்டில் என் மாத்திரைகள்

முடக்குவாதத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மாத்திரையை விட்டுவிடு என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். என்னிடம் சொல்லாதவர்களே இல்லை. அந்தப் பேச்சை நான் ஒரே ஒரு முறை கேட்டேன். ஐந்து நாள் கேட்டேன். எழுந்து உட்கார்ந்து எழுத இப்போதுதான் முடிகிறது. நீங்களும் அதைக் கேட்டுவிடக் கூடாது. அதனாலேயே எழுதுகிறேன்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. வீடு செங்கல்பட்டில். வேலை மாமல்லபுரம் தபால் நிலையத்தில், கவுண்டரில். ஏழரை மணி பஸ்ஸில் ஏறினால் திருக்கழுக்குன்றம் வழியாக ஒன்பதுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். நோய் எனக்கு முதலில் தெரிந்தது தேதி முத்திரையில். மரப்பிடி போட்ட அந்த முத்திரையை ஒரு நாளைக்குச் சில நூறு முறை குத்த வேண்டும். ஒரு மார்கழியில் பிடியைச் சுற்றி விரல்கள் மூடவில்லை. கடல் காற்று, ஈரம் என்று நினைத்தேன். பிறகு காலையில் பல் விளக்க முடியவில்லை. மகள் கவிதாவின் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. பத்து மணிக்கு மேல் விரல்கள் கொஞ்சம் இளகும், மறுநாள் காலை மறுபடி கட்டையாகிவிடும்.

சென்னையில் மூட்டு டாக்டரிடம் போனோம். அவருடைய அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே இருந்தவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. காற்றில் சாய்ந்த நாற்றுபோல விரல்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்த கைகள். என் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் விளக்கினார். வெளியிலிருந்து வரும் கிருமியை அடிக்க உடம்பு ஒரு படை வைத்திருக்கிறது. என் உடம்பில் அந்தப் படை ஆள் தெரியாமல் என் மூட்டுகளையே அடிக்கிறது. மருந்து அந்தப் படையின் கையைக் கட்டிப்போடும். மூட்டு தப்பிக்கும். ஆனால் கிருமி வரும்போதும் படையின் கை கட்டித்தான் இருக்கும்.

இரண்டு மருந்து முக்கியம். வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடுகிற மெத்தோட்ரெக்ஸேட். தினமும் காலையில் சாப்பிட்ட பிறகு போடுகிற ஸ்டீராய்டு. காய்ச்சல் வந்தால் வார மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து என்னைப் பார், தினசரி மாத்திரையை மட்டும் நீயாக எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதே என்றார். தலையாட்டினேன்.

மாத்திரை தொடங்கிய எட்டாவது வாரம் கவிதாவுக்கு நானே இரட்டைச் சடை பின்னினேன். அவள் கண்ணாடியில் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னி முடித்ததும் பிரித்துவிட்டு இன்னொரு தடவை பின்னச் சொன்னாள்.

பிறகு கிருமிகள் வந்தன. தொண்டை, மார்ச்சளி, சிறுநீர்த் தொற்று. கால் கட்டைவிரலில் நகச்சுற்று வந்து முழங்கால் வரை சிவந்தது. நாக்கில் தயிர் உறைந்த மாதிரி வெள்ளையாகப் படிந்து, சோற்றுப் பருக்கை பட்டால்கூட எரிந்தது. மற்றவர்களுக்கு மூன்று நாளில் போகிற சளி எனக்கு மூன்று வாரம் இருக்கும். ஒருமுறை நிமோனியாவாகி ஒன்பது நாள் படுத்தேன். வருகிறவர்கள் எல்லோரும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் முகத்துக்கு நேராக இருமிவிட்டு, அந்த மாத்திரையை விட்டுத் தொலை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் கணவர்கூட மெதுவாக அதையே சொல்ல ஆரம்பித்தார். அவர் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறவர். என் பொருட்டு லீவு போட்டுப் போட்டு அவருக்கும் அலுத்திருந்தது.

நான் விடவில்லை. மாத்திரை இல்லாவிட்டால் கை போகும், இருந்தால் சளி வரும். சளிக்கு மருந்து இருக்கிறது, போன கைக்கு என்ன இருக்கிறது? எனக்கென்று சட்டங்கள் போட்டுக்கொண்டேன். தனி டம்ளர். கல்யாண வீட்டில் முகம் காட்டிவிட்டு உடனே வந்துவிடுவது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம், மூக்கையும் வாயையும் மூடி ஒரு கைக்குட்டை. கண்டக்டர் ஒருவர் தினமும் கேட்பார். "இன்னாக்கா, வாயக் கட்டிகினு வர்றீங்க, மௌன விரதமா?" ஒருநாள் சொன்னேன், "உங்க இருமலுக்குத்தான் வேண்டுதல்." அன்றிலிருந்து அவர் என் பக்கம் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு டிக்கெட் கிழித்தார்.

சட்டங்கள் எல்லாம் வீட்டுக்கு வெளியேதான் செல்லும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

கவிதா ஆறாம் வகுப்பு. காய்ச்சல் என்று சுருண்டு படுத்தாள். இரண்டு ராத்திரி அவளை அணைத்துக்கொண்டு படுத்தேன். மூன்றாம் நாள் காலையில் அவள் கழுத்தில் நீர் கோத்த ஒரு சிறு கொப்புளம் இருந்தது, முதுகில் நான்கு. சின்னம்மை. நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. அம்மா வந்திருக்கிறாள் என்போம். என் கணவர் வாசல் கேட்டில் வேப்பிலைக் கொத்தைச் செருகினார். அதைப் பார்த்தால் தெருவில் யாரும் உள்ளே வரமாட்டார்கள். பால்காரர் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார். வீட்டில் தாளிப்பு கிடையாது, தலை வாருவது கிடையாது. அந்த வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவதும் கிடையாது.

எனக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததா என்று கேட்க என்னைப் பெற்ற அம்மா உயிரோடு இல்லை. கூடுவாஞ்சேரியில் இருக்கும் அண்ணனுக்குப் போன் செய்தேன். "உனக்கு வந்த மாதிரிதான் ஞாபகம்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, அது எனக்கா?" என்று என்னையே கேட்டான்.

வீட்டில் யாருக்காவது அம்மை கண்டால் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்றும் மூட்டு டாக்டர் சொல்லியிருந்தார். போகவில்லை. அம்மா வந்த வீட்டை விட்டு, பெற்றவள் பிள்ளையைப் போட்டுவிட்டு, தனக்கு வைத்தியம் பார்க்கக் கிளம்புவதா? தெரு என்ன சொல்லும் என்பதைவிட, கவிதா கண் விழித்து என்னைத் தேடுவாளே என்பதுதான் என்னைக் கட்டிப்போட்டது.

அன்று மத்தியானம் திருக்கழுக்குன்றத்திலிருந்து என் நாத்தனார் வந்தார். பெயர் மரகதம். என் கணவருக்கு அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முகமெல்லாம் பழைய சின்னம்மைத் தழும்பு. யார் வீட்டில் அம்மா வந்தாலும் போய் நின்று மூன்று தண்ணீரும் ஊற்றிவிட்டு வருகிறவர். கவிதாவை உள் அறையில் வேப்பிலைமேல் படுக்க வைத்து, நீ வாசப்படி தாண்டாதே என்று என்னைக் கூடத்தில் உட்காரவைத்தார். மறுநாள் காலையில் நான் மாத்திரை டப்பாவைத் திறக்கும்போது பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா விஜயா இது? அம்மா வூட்டுக்குள்ள கீறா. நீ கலர் கலரா மாத்திர போட்டுகினு கீற?"

"அக்கா, இது எனக்கு. அவளுக்கு இல்ல."

"வூடு ஒண்ணுதானே. வூட்ல யாரும் மருந்து தொடக்கூடாது. பத்து நாளு. அதுக்குள்ள இன்னா கெட்டுப் போவும்?"

அவர் பிடுங்கவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றார். டப்பாவை நான்தான் கொடுத்தேன்.

இதை மறைக்காமல் எழுத வேண்டும். சாமிக்குப் பயந்து மட்டும் கொடுக்கவில்லை. நான் பி.எஸ்ஸி. படித்தவள். என் மூளை ஒரு கணக்குப் போட்டது. இந்த மாத்திரைதானே என் படையின் கையைக் கட்டி வைத்திருக்கிறது? பத்து நாள் நிறுத்தினால் கட்டு அவிழும். படை எழுந்து நின்று அம்மையைத் தடுக்கும். சாமியும் சயன்ஸும் ஒரே பதிலைச் சொல்கிறதே என்று சந்தோஷம்கூடப் பட்டேன். அரைகுறையாகத் தெரிந்துவைத்திருப்பதில் உள்ள ஆபத்து அதுதான், அது நம்மைத் தைரியசாலி என்று நம்பவைக்கும்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் மூட்டுகள் வீங்கின. எதிர்பார்த்ததுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நான்காம் நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் வாந்தி. எழுந்தால் கூடம் சாய்ந்தது. உள் அறையிலிருந்து கவிதா ஏதோ கேட்டாள். அவள் குரல் ரொம்ப தூரத்திலிருந்து வந்தது. பதில் சொல்ல வாய் திறந்தேன், அதற்குள் தரை முகத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கடைசியாகப் பார்த்தது, உடம்பெல்லாம் கொப்புளத்தோடு வாசப்படி தாண்டி ஓடிவந்த என் பெண்ணின் கால்களை.

பிறகு நடந்ததைக் கவிதா சொல்லித்தான் தெரியும். அப்பா காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். அத்தை என் கன்னத்தைத் தட்டிப் பார்த்திருக்கிறார். உடம்பு ஜில்லென்று வியர்த்திருக்கிறது. ஒரு நிமிஷம் சாமி படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு ஸ்டூலைப் போட்டுப் பரண்மேல் ஏறி, குக்கர் அட்டைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்த மாத்திரை டப்பாவை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கவிதாவை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டு சரோஜாவிடம் சொல்லிவிட்டு, தெருமுனைக்கு ஓடியிருக்கிறார். ஆட்டோக்காரர் கேட்டில் வேப்பிலையைப் பார்த்ததும் தயங்கினாராம்.

"நைனா, உனுக்கு ஒண்ணும் வராது. வந்தா நானே வந்து உனுக்குத் தண்ணி ஊத்தறேன். வண்டிய எடு."

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் எடுத்த நர்ஸ் இரண்டாம் முறை எடுத்தார். ஓர் இளவயது டாக்டரம்மா ஓடி வந்தார். என்ன மருந்து சாப்பிடுகிறார், எப்போது நிறுத்தினார் என்று கேட்டார். இது எனக்கே அரைகுறையாகக் காதில் விழுந்தது. மரகதம் அக்கா டப்பாவை இடுப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நான்தான் நிறுத்துனேன். என்னப் போலீஸ்ல வேணா குடு. இவளக் காப்பாத்திக் குடு."

இல்லை, நான்தான் கொடுத்தேன் என்று சொல்ல முயன்றேன். நாக்கு புரளவில்லை.

ஒரு கையில் உப்பு நீரும் சர்க்கரை நீரும் ஏறின. இன்னொரு கையில் ஸ்டீராய்டு ஊசி. சாயங்காலத்துக்குள் நான் கஞ்சி கேட்டேன். அவ்வளவு சீக்கிரம். ஐந்து நாளாக உயிர் என்னை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது, ஒரு சின்னக் குப்பி மருந்தில் திரும்பி வந்தது.

டாக்டரம்மா கட்டிலருகே நின்று எனக்கும் அக்காவுக்கும் விளக்கினார். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி சின்னச் சுரப்பி ஒன்று உண்டு. உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டை அதுதான் தினமும் சுரக்கிறது. வெளியிலிருந்து மாத்திரையாக வந்துகொண்டே இருந்தால் அது வேலையை நிறுத்திவிட்டுத் தூங்கும். எனக்கு எங்கள் ஆபீஸ் கணக்கில் புரிந்தது. ஒருவர் நீண்ட லீவில் போகிறார், பதிலுக்கு ஓர் ஆள் வருகிறார். லீவில் போனவர் திரும்பும் முன்னே பதில் ஆளை அனுப்பிவிட்டால் கவுண்டரில் யாருமே இல்லை. மெதுவாகக் குறைத்தால் சுரப்பி விழித்துக்கொள்ளும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழும், ஆள் விழுவார். அதிலும் காய்ச்சல், தொற்று வரும் நேரத்தில் உடம்புக்கு அது கூடுதலாகவே வேண்டும்.

"வெறும் வயித்துல போடக்கூடாது, அது தெரியும்ல?" என்று டாக்டரம்மா அக்காவைப் பார்த்துக் கேட்டார், ஏதோ அவர்தான் மாத்திரை சாப்பிடுகிறவர்போல. அக்கா தலையாட்டினார்.

நான்கு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மை இன்னும் உங்களுக்கு வரலாம், ஒரு புள்ளி தெரிந்தாலும் அந்த மணிநேரமே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். கவிதாவுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. அம்மா இறங்கிவிட்டாள். நான் தினமும் குளியலறையில் புடவையை அவிழ்த்து உடம்பைத் தேடினேன். ஐந்தாம் நாள் தொப்புளுக்கு மேலே ஒன்று இருந்தது.

இந்த முறை யாரையும் கேட்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். என் கணவர் பின்னால் பையோடு ஓடிவந்தார்.

ஆஸ்பத்திரியின் பின்புறம் தனி அறை. மற்ற நோயாளிகளுக்கு என்னிடமிருந்து ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக. இரண்டு வருடம் ஊரையெல்லாம் பார்த்து நான் வாயைக் கட்டினேன், இப்போது என்னைப் பார்த்து எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். குழந்தைகளுக்கு விளையாட்டுப்போல வந்துபோகிற அம்மை எனக்கு அப்படி வரவில்லை. உச்சந்தலை, இமை, நாக்கு, தொண்டைக்குள். நரம்பு வழியாக மருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. நான்காம் நாள் மூச்சு வாங்கியது. எக்ஸ்ரேயில் நுரையீரலெங்கும் பொரி தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளிகள். ஆக்சிஜன் வைத்தார்கள். செத்துவிடுவேனோ என்று கேட்க ஆள் இல்லாதபோது, கவிதாவின் தலைமுடி வகிட்டை மனதுக்குள் எடுத்துப் பின்னிக்கொண்டிருப்பேன். மூன்று கால், மூன்று கால் என்று. பின்னி முடித்தால் இன்னொரு சடை.

மரகதம் அக்கா கூடவே இருந்தார். அம்மை வந்து போனவர்களுக்கு மறுபடி வராது என்பதால் அவரை விட்டார்கள். என் கொப்புளங்கள்மேல் வேப்பிலையால் வருடுவார். ஊசி போட நர்ஸ் வரும்போது வேப்பிலையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஊசி முடிந்ததும் மறுபடி வருடுவார்.

சிறுபிள்ளைகளுக்கு அனுமதி இல்லை என்று கவிதாவை உள்ளே விடவில்லை. தரைத்தள அறை என்பதால் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முகத்தில் பொருக்கு உதிர்ந்த இடங்கள் வெளுத்துத் தெரிந்தன. ஆக்சிஜனை எடுத்த அன்று கேட்டாள்.

"என்கிட்டேர்ந்துதானேம்மா உனக்கு வந்துச்சு?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். பதினோரு வயதுப் பெண்ணுக்குப் பொய் தெரியும்.

"ஆமாண்டி. உன்கிட்டேர்ந்துதான். உனக்கு ஸ்கூல்ல ஒரு பிள்ளகிட்டேர்ந்து. அதுக்கு வேற ஒரு பிள்ளகிட்டேர்ந்து. திட்டறதுன்னா எல்லாரையும் வரிசையில நிக்க வச்சுத்தான் திட்டணும். கவுண்டர்ல நான் உக்காந்து ஒவ்வொருத்தரா கூப்பிடணும். நேரமில்ல."

அவள் சிரிக்கவில்லை. கம்பி வழியாகக் கையை நீட்டினாள். எட்டவில்லை. ஆனாலும் நீட்டியபடியே இருந்தாள்.

என் கணவருக்கும் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருந்ததால் அவரையும் விட்டார்கள். அன்று சாயங்காலம் அவர் கட்டிலருகே உட்கார்ந்து, ரொம்ப நாளாகச் சேர்த்து வைத்திருந்ததைச் சொன்னார். "விஜி, போதும்மா. உடம்பு தேறினதும் மொத்தமா விட்டுடலாம். கை மடங்காட்டி போகுது. நான் சோறு ஊட்டறேன். நீ இருந்தா போதும்."

அன்பாகத்தான் சொன்னார். அதனாலேயே கோபம் வந்தது. உடம்பில் கோபப்படும் அளவுக்குத் தெம்பு திரும்பியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

"உங்களுக்கு நான் இருந்தா போதும். எனக்கு அது போதாதுங்க. எனக்குக் கையும் வேணும்."

அவர் எழுந்தார். பிறகு டாக்டரம்மாவிடம் போய், எதை எப்போது ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டு, பஸ் டிக்கெட்டின் பின்புறம் எழுதிக்கொண்டு வந்தார். தினசரி மாத்திரை நிற்கவே கூடாது. வார மாத்திரை, பொருக்கெல்லாம் உதிர்ந்து, நுரையீரல் தெளிந்து, மூட்டு டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு.

பதினேழாம் நாள் வீட்டுக்கு வந்தேன். கேட்டில் புது வேப்பிலை இருந்தது. எனக்காக. மறுநாள் காலையில் எனக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். விடிந்ததிலிருந்து வேப்பிலையும் மஞ்சளும் போட்ட அண்டா முற்றத்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றும்போது தெருப்பெண்கள் நான்கு பேர் வந்து தள்ளி நிற்பது வழக்கம். சரோஜாவும் நின்றாள்.

"ஏன் விஜயா, அம்மா மேல இருக்கறப்பவே ஊசி போட்டுக்கினியாமே?" என்றாள். கெட்ட எண்ணமில்லை. நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டாள். "மூணு வேளையுமாமே? அவ கோச்சுக்க மாட்டாளா?"

ஒரு பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் முதல் செம்பு தலையில் விழுந்தது. வெதுவெதுப்பு, வேம்பின் கசப்பு வாடை, கண்ணெல்லாம் மஞ்சள். இரண்டாவது செம்புக்காகக் குனிந்து காத்திருந்தேன். வரவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். மரகதம் அக்கா செம்பைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சின்ன வாழைப்பழம் ஒன்றை எடுத்து உரித்து, பாதியை என் வாயில் வைத்தார்.

"முழுங்கு. வெறும் வயித்துல ஆவாது."

விழுங்கினேன். பிறகு முடிச்சிலிருந்து அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை எடுத்தார். ஈரக் கையில் ஒட்டிவிடாமல் வேப்பிலை ஒன்றின்மேல் வைத்து, நான்கு பெண்களும் பார்க்கும்படி நீட்டினார்.

"மணி எட்டு. வாயத் தொற."